தாலே

எழுத்துக்கு எழுத்து பதியுங்கள், ஒந்தினா,
என்றார் நீதிபதி.
பதிந்தேன்:
இரவு 11.38. மிர்த்தா சல்திவார் எழுதியது:
போன வருட விலைதானே? நாலாயிரத்து இருநூறு கிலோ கம்பளி.
வியாழக்கிழமை லாரி அனுப்புகிறேன்.
இரவு 11.42. எம்ரிஸ் பொவென் எழுதியது:
தாலே.
அதன் கீழே, நான்கு நிமிடம் கழித்து,
வைக்கோல்மேல் ஈரம் உலராத ஒரு குட்டியாட்டின் படம்.
படத்தை எப்படிப் பதிவது என்று கேட்டேன்.
ஆட்டுக்குட்டி, ஒன்று, என்றார்.

வியாழக்கிழமைக்குள் சந்தையில் விலை ஏறிவிட்டது.
லாரி போனபோது பண்ணை வாயிலில் சங்கிலி.
ஓட்டுநர் நாவெல் பதகோனியக் காற்றில் ஏழு மணி நேரம்
எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான்.
டீசல் ரசீது, ஆவணம் ஆறு.

எம்ரிஸ் தொப்பியை மடியில் வைத்துத் தடவியபடி சொன்னார்:
கொட்டகையில் இருந்தேன். ஆடு ஈன்றுகொண்டிருந்தது.
ஒரு கையில் போன், ஒரு கையில் ரத்தம்.
உம் கொட்டினேன், அவ்வளவுதான்.
கதை கேட்கிறவன் உம் கொட்டினால்
கதைக்குள் வரும் கடனையும் அவன்தான் அடைக்க வேண்டுமா?

அவருடைய வக்கீல் எழுந்தார்.
பேருந்தில் நகரச் சொல்லத் தாலே.
பந்தை உதைக்காமல் நிற்பவனைப் பார்த்துத் தாலே.
அழுகிறவளைத் தேற்ற, போனை வைக்க,
போய்த் தொலை என்பதற்கும் அதே தாலே.
கையெழுத்து எங்கே? சாட்சி எங்கே?
ஒரு கட்டைவிரல் செய்த வேலை இது,
அதுவும் கண்ணாடி போடாமல்.

அந்த நேரம் பார்த்து ஊழியர் கதவருகே எட்டிப் பார்த்தார்:
மாத்தே கொண்டுவரட்டுமா?
தாலே, என்றார் நீதிபதி.

யாரும் சிரிக்கவில்லை.
என் விரல்கள் மட்டும் விசைகளுக்கு மேலே நின்றன,
இதையும் பதிவதா என்று.
மாத்தே வந்தது. அவர் குடித்தார்.

மிர்த்தாவின் வக்கீல் அதிகம் பேசவில்லை.
பழைய போனைக் கீழிருந்து மேலாகத் தள்ளிக்கொண்டே போனார்.
ஒரு அக்டோபர்: தாலே. லாரி நிரம்பியது.
அதற்கு முந்தைய அக்டோபர்: தாலே. நிரம்பியது.
அதற்கும் முன்பு, மழையில்,
தாலே என்பதில் ஓர் எழுத்து தவறி,
அப்போதும் நிரம்பியது.

இருபது நாள் கழித்துத் தீர்ப்பு.
இந்தச் சொல்லுக்குப் பொருள் அகராதியில் இல்லை,
பண்ணை வாயிலிலிருந்து நெடுஞ்சாலை வரை
மூன்று பருவமாய்ப் பதிந்த டயர்த் தடத்தில் இருக்கிறது
என்றெல்லாம் எழுதுகிறவர் இல்லை எங்கள் நீதிபதி.
முந்தைய நடத்தையிலிருந்து ஒப்புதல் புலனாகிறது, என்று எழுதினார்.
டயர்த் தடம் நான் சேர்த்தது. இங்கே மட்டும்.

நட்ட ஈடு எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எல்லாம் வந்தன.
வராத ஒன்று உண்டு.
அந்தக் குட்டியாட்டின் படத்துக்கு
இரவு 11.47க்கு மிர்த்தா அனுப்பியதை
என் கையால்தான் தட்டினேன்:
இதயம், சிவப்பு, ஒன்று.
அதை அமல்படுத்தச் சொல்லி
இரண்டு பக்கமும் யாரும் கேட்கவில்லை.
தாழ்வாரத்தில் அவர்கள்
ஒருவர் கடக்க மற்றவர் சுவரைப் பார்த்து நின்றார்கள்.

இன்றிரவு வீட்டுக்காரர் எழுதுகிறார்:
மார்ச்சிலிருந்து வாடகையைக் கொஞ்சம் கூட்டலாமா, ஒந்தினா?
படித்துவிட்டேன் என்பதற்கு நீலக்கோடு இரண்டு விழுந்தாயிற்று,
இனி தூங்கிவிட்டேன் என்று சொல்ல முடியாது.
கட்டைவிரல் பழக்க தோஷத்தில் 'தா' வரை போய்விட்டது.
அழித்தேன்.
தகவல் கிடைக்கப்பெற்றது, என்று அடித்தேன்.
சம்மன் மாதிரி இருந்தது. அழித்தேன்.
யோசித்துச் சொல்கிறேன்,
அதில் 'சொல்கிறேன்' ஒரு வாக்குறுதியோ?

அவர் திரையில் இப்போது
ஒந்தினா எழுதிக்கொண்டிருக்கிறார்
என்று தெரியும்.
நின்றுவிடும்.
மறுபடி,
எழுதிக்கொண்டிருக்கிறார்.